இந்த வருசத்து ஏசாயா

புறா எச்சத்து மேல உக்காந்திருக்கேன், அதுவும் கஞ்சி போட்ட வெள்ள வேட்டியோட. எங்க கோயில் மேல்மாடம் இது, வாசக்கதவுக்கு நேர் மேல, கட்டை போன ஆர்மோனியப் பெட்டியும் கால் ஒடிஞ்ச பெஞ்சும் போட்டு வைக்கிற எடம், ஓட்ட ஒடசல் சாமானெல்லாம் இங்கதான் ஏத்துவாவ, இந்த வருசம் என்னையும் ஏத்திட்டாவ. கையில ஒரு கயிறு. மடிக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம், மூங்கிச் சிம்புல கட்டி மஞ்சத் தாள் ஒட்டி வயித்துக்குள்ள பல்பு வச்சது. எனக்கு முன்னால இருந்து அந்தக் கடைசிப் பீடம் வரைக்கும் சனத்தோட தலைக்கு மேல கூடி ஒரு கம்பி போவுது. கீழ கிறிஸ்மசு நாடகம் நடக்கு. கடைசியா ஏசாயா தீர்க்கதரிசி வந்து மேசியா வரப்போறாருன்னு சொல்லுவாரு, அவரு சொல்லி முடிச்ச ஒடனே நான் பல்பப் போட்டு கயித்த இழுக்கணும், நட்சத்திரம் மெதுவா நகந்து போயி பீடத்துக்குப் பக்கத்துல வைக்கோல் போட்டு வச்சிருக்க குடிலுக்கு மேல நிக்கணும். இம்புட்டுதான் சோலி. ஒரு கழுதையப் பழக்குனா கழுதையே இழுத்துரும். ஆனா கழுதைக்குக் கீழ நாடகத்துல வேசம் இருக்கு, அதனால இந்த மாசிலாமணியக் கூப்பிட்டிருக்காவ. படியேறும்போது மணியடிக்கிற கோயில்குட்டி ஆசீரு சொல்லுதான், “அண்ணாச்சி, கண்ணு அசந்துராதிய. போன வருசம் வரைக்கும் நாந்தான் இழுத்தேன், ஒரு வருசம் தப்புனது இல்ல.” “ஏலே, மணியடிச்சி ஊரையே எழுப்புத, என்னைய எழுப்ப மாட்டியா”ங்கேன். சிரிக்கான். எல்லாவனும் சிரிக்கான். இந்தக் கயிறு மட்டும் இன்னைக்கி நகரலன்னு வையி, அப்ப எவன் சிரிக்கான்னு பாப்போம். அய்யய்யோ ஆண்டவரே, கோயிலுக்குள்ள இருந்துக்கிட்டு நான் என்னத்த நெனைக்கேன். நெனைக்கத்தான செய்யுதேன், செய்யவா போறேன். செஞ்சாத்தான் என்ன. கயிறு ஓடுத கப்பி சிக்கிக்கிட்டுன்னா முடிஞ்சிது. துரு ஏறுன கப்பி, அது மேல சத்தியம் பண்ணி எவனும் சாட்சி சொல்ல மாட்டான். ஏசாயா எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டு, நட்சத்திரம் வராம, பஸ்ஸ விட்டவன் மாதிரி நின்னு முழிப்பாரு. இந்த வருசத்து ஏசாயா. எம் பொண்டாட்டி கூடப்பொறந்த தம்பி. டைட்டசு வாத்தியார்.

இருவத்திரெண்டு வருசம் நாந்தாம்ல ஏசாயா. எங்க ஊர்ல சின்னப் பிள்ளைய கிட்டப் போயி ஏசாயா யாருன்னு கேளு, பஸ்ஸ்டாண்டு ஓட்டல்ல புரோட்டா போடுத மாமான்னுதான் சொல்லும். அப்ப இருந்த பெரிய ஐயரு, எங்க கோயில் பாதிரியாரு, ஒரு நாளு கடைப் பக்கமா நடந்து வாராரு, நான் கல்லுக்கு முன்னால நின்னு சப்ளையரப் புடிச்சி வையிதேன், அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு நின்னாரு பாரு, “கர்த்தர் குடுத்த தொண்டைய இப்பிடிச் சால்னாவுக்குக் குடுத்துட்டியேடே”ன்னாரு. அன்னைக்கிப் புடிச்சிட்டாரு என்னைய. எனக்கு எழுத்து வராது. மூணாங் கிளாசுலயே சிலேட்ட ஒடச்சிட்டு வெளிய வந்தவன், கடை போர்ட வாசிக்கதுக்குள்ள கடைய அடைச்சிருவான். அவரு சம்சாரம் ஐயரம்மாதான் சொன்னாவ, வாசிக்க வேண்டாம் மாசிலாமணி, காதால வாங்கிக்கோன்னு. ஐயரு பங்களா பின்வாசல்ல அவிய ஒரு வரி சொல்லுவாவ, நான் ஒரு வரி சொல்லுவேன், அத அப்பிடியே கடைக்குக் கொண்டு போயி மாவுல வச்சிப் பெசஞ்சேன். உருண்ட புடிக்கும்போது இருட்டுல நடந்த சனம். வீசும்போது அவிய கண்ட வெளிச்சம். சுருட்டும்போது நமக்குப் பொறக்கப்போற பிள்ளை, அவரு தோள் மேல இருக்கப்போற ஆட்சி. கல்லுல போட்டுத் திருப்பும்போது அந்தப் பிள்ளைக்குரிய அஞ்சு பேரு, அதிசயம், ஆலோசன, வல்லம, நித்தியம், கடைசியா சமாதானம். ஒரு மாசத்துல எனக்கும் பாடமாயிட்டு, சப்ளையருக்கும் பாடமாயிட்டு. மொத வருசம் அங்கியப் போட்டு, பஞ்சுத் தாடிய ஒட்டிக்கிட்டுப் போயி நிக்கேன். சொல்லி முடிச்சேன். பொறவு ஒரு அமைதி விழுந்திச்சி பாரு. அத எப்பிடிச் சொல்ல. நானூறு பேரு இருக்க எடத்துல ஒரு இருமல் இல்ல, ஒரு வளையல் சத்தம் இல்ல, பிள்ளைய கூட வாயப் பொத்திக்கிட்டு கெடக்கு. எனக்கு அது புதுசு. எனக்குன்னு ஒருத்தனும் அப்பிடி அமைதியா இருந்ததில்ல. நான் வாயத் தொறந்தா சிரிப்பாணி, அதான் நம்ம தலையெழுத்து. எங்க அம்மய அடக்கம் பண்ணுன அன்னைக்கி கல்லறத் தோட்டத்துல நின்னு, “இனும நான் யாரப் போயி அம்மான்னு கூப்பிடுவேன்”னு கேட்டேன். பின்னால நின்ன ரெண்டு பேரு களுக்குன்னு சிரிச்சிட்டானுவ. அவனுவளையும் குத்தம் சொல்ல முடியாது, அடுத்து ஏதோ வரப்போவுதுன்னு காத்திருந்தானுவ. ஒண்ணும் வரல. அம்ம செத்துட்டா, அதான் விசயம். அதனால எனக்கு அந்த அமைதி வேணும். வருசத்துக்கு ஒரு தடவ, புரோட்டா திருப்புத நேரம் கூட இருக்காது, அம்புட்டுதான் கேட்டேன், அதையும் புடுங்கி ஒரு எம்மே பியெட்டுக்குக் குடுத்துட்டாவ.

புடுங்குனாவன்னு சொல்லக் கூடாது, நானா எடுத்துக் குடுத்தேன். அதத்தான் நெனைச்சா வயிறு எரியுது. கமிட்டியில புது ஐயரு சொல்லுதாரு, “மாசிலாமணி அண்ணாச்சி இம்புட்டு வருசம் செஞ்சிட்டாவ, இந்த வருசம் இளந்தாரிப் பிள்ளைய யாராவது செய்யட்டும்னு ஒரு யோசன, அண்ணாச்சிக்குச் சம்மதந்தான”ன்னு. நேரா என் மொகத்தப் பாத்துக் கேக்காரு. இல்லைன்னு ஒரு வார்த்த. ரெண்டே எழுத்து இருக்குமா, மூணா, எனக்கு எண்ணத் தெரியாது, அத மட்டும் சொல்லிருந்தா இன்னைக்கி நான் கீழ நின்னுருப்பேன். இந்த நாக்கு சொல்லுச்சா. “தாராளமா ஐயரே, வருசா வருசம் தாடி ஒட்டி ஒட்டி சொந்தத் தாடி கோவிச்சிக்கிட்டு மொளைக்கவே மாட்டேங்கு”ன்னு சொல்லுச்சி. கமிட்டியே சிரிக்கி. ஐயரு மூக்குக் கண்ணாடியக் கழத்தித் தொடைக்காரு. அவிய சிரிச்சி முடிக்கதுக்குள்ள டைட்டசு பேர எழுதியாச்சி. நானும் கூடச் சேந்து சிரிச்சிக்கிட்டு இருந்தேன், கேட்டியா. வீட்டுக்கு வந்தா இவ, எம் பொண்டாட்டி லீதியா, சந்தோசத்துல நிக்கா. “யாரோவா செய்யுதான், என் தம்பிதான, நம்ம வீட்டுக்குள்ளதான இருக்கு”ங்கா. வீட்டுக்குள்ள இருக்கதுக்கு அது என்ன தண்ணி புடிச்சி வைக்க குத்துப்போணியா. அந்தத் தவிட்டு நெற அங்கிய எடுத்தா, மடிச்சித் தச்ச அடிப்பட்டியப் பிரிச்சி நாலு விரக்கட எறக்குனா, ஏன்னா அவன் ஒசரம், நான் கட்ட. இருவத்திரெண்டு வருசமா அந்தத் துணிக்குள்ள இன்னும் நாலு விரக்கட இருந்திருக்கு, எனக்கே தெரியாது, அவனுக்குன்னே மடிச்சி வச்ச மாதிரி. போட்டுக் காட்டுனான். கண்ணாடிக்கு முன்னால நிக்கான், இவ ஒரு எட்டுப் பின்னால போயி நின்னு பாத்துட்டு, “அம்சமா இருக்குல தம்பி”ங்கா. அம்சமா! எனக்குத் தச்ச வருசம் என்ன சொன்னா தெரியுமா. “சால்னா வாட அடிக்கி, அத மாத்திட்டுச் சாப்பிட வாங்க”ன்னா. அதுக்கு மேல இவன் வந்து என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, “அத்தான், நீங்க சொல்லுத மாதிரி யாருக்கும் வராது, ஒரே ஒரு தடவ சொல்லிக் காட்டுங்களேன்”ங்கான். மரியாதையாத்தான் கேட்டான். அது இன்னும் எரியுது. திமிரா வந்து கேட்டிருந்தா நல்லா நாலு வார்த்த குடுத்து அனுப்பிருப்பேன். “தொண்ட கட்டியிருக்குடே”ன்னுட்டேன். மறுநாளு கடையில மைதா மூட்டைக்கிட்டப் போயி கடகடன்னு முழுசையும் சொன்னேன், தொண்ட வெண்கலம் மாதிரி கேக்கு. சப்ளையரு, “மாஸ்டர், இந்த வருசம் நீங்க இல்லியாமே”ங்கான். “இல்லல, இந்த வருசம் எனக்கு நட்சத்திர வேசம்”ன்னேன். சிரிச்சான்.

இங்க இருந்து பாத்தா வெறும் தலையாத் தெரியுது. எண்ணெத் தல, மல்லியப்பூத் தல, வழுக்கத் தல, முக்காடு போட்ட தல. மூஞ்சி ஒண்ணுங்கூடத் தெரியாது, எல்லாம் பீடத்தப் பாத்து இருக்கு. ஆம்பளைய வலது பக்கம், பொம்பளைய இடது பக்கம், நாலாவது பெஞ்சுல பிச்சிப்பூ வச்ச கொண்ட லீதியா. லைட்ட எல்லாம் அணைச்சிட்டாவ, பீடத்துக்கு மேல ஒண்ணு, எனக்குக் கீழ வாசல்ல ஒண்ணு, அம்புட்டுதான் எரியுது. மொதல்ல பிலேயாம் வந்துட்டான், கழுதையோட. வேதத்துல அந்தக் கழுத பேசும். கர்த்தர் கழுதைக்கே வாயத் தொறந்து விட்டாரு, பேச விட்டாரு, மாசிலாமணிய மட்டும் மேல ஏத்திப் பேசாதன்னுட்டாரு. படியேறும்போதே இவ சொன்னா, “ஏங்க, அங்க இருந்து ஏதாவது சத்தங்கித்தம் குடுத்துராதீங்க, நாக்கக் கட்டிக்கிட்டு இருங்க.” கழுதைய விட நான் கீழ. அந்தப் பிலேயாம் காசுக்குச் சாபம் போடப் போனவன், அவன் வாயில கூட நட்சத்திரம் உதிக்கும்னு வருது பாரேன், யாக்கோபு வம்சத்துல ஒரு நட்சத்திரம். எந்த வாயில எது வரும்னு ஆளுப் பாத்துக் குடுக்க மாட்டாரு போல ஆண்டவரு. இந்தா அடுத்த தீர்க்கதரிசி மீகா வாரான். பெத்லகேம் சின்ன ஊருதான், ஆனா அங்க இருந்துதான் வருவாருங்கான். சின்ன ஊருன்னா எங்க ஊரு மாதிரி இருக்கும், பைபாஸ் பஸ் நிக்காது. அடுத்து ஏசாயா. எனக்கு ஒண்ணு தோணும், இம்புட்டு வருசமா யாருகிட்டயும் சொன்னதில்ல, சொன்னா சிரிப்பாவ. இந்த ஏசாயாவுக்குப் பொறாம இருந்திருக்காதா? எழுநூறு வருசத்துக்கு முந்தியே சொல்லிட்டாரு மனுசன், பிள்ளை வருது வருதுன்னு. வந்துச்சா அவரு இருக்கையில? இல்ல. ராசா கிட்டப் போயி அடையாளம் கேளுங்கன்னாரு, ராசா வேண்டாம்னுட்டான். கடைசில வாள வச்சி ரெண்டா அறுத்தாவன்னு பெரிய ஐயரு கதையாச் சொல்லுவாரு. அம்புட்டுப் பாடும் பட்டவரு அவரு. பிள்ளை பொறந்த அன்னைக்கி யாரு போயிப் பாத்தா? ஆடு மேய்க்கவன். ஒரு வரி சொன்னவன் இல்ல, சும்மா காட்டுல கெடந்தவன், அவனுக்குத் தேவதூதன் கெடந்த எடத்துக்கே வந்து சொல்லுதான். சிமியோன்னு ஒரு கெழவரு, அன்னைக்கின்னு பாத்துக் கோயிலுக்கு வந்தாரு, அவரு கையிலயே தூக்கி வச்சிக்கிட்டாரு. ஏசாயா மேல இருந்து பாத்திருப்பாரா? அடேய், நான் சொன்னதுல, என் பிள்ளைல அதுன்னு நெனைச்சிருக்க மாட்டாரா? நம்மளும் அப்பிடித்தான, கல்லுல வேவுதது ஒருத்தன், எலையில உக்காந்து பிச்சிப் போட்டுத் திங்கது இன்னொருத்தன். பரலோகத்துல பொறாம கெடையாதுன்னு ஐயரு சொல்லுவாரு. இருக்கட்டும். இங்க மேல்மாடம் வரைக்கும் இருக்கு.

வாரான். வந்துட்டான். சவத்து மூதி, என்னமா இருக்கான். அங்கி பாதம் வரைக்கும் வழியுது, தாடி நெஞ்சுல கெடக்கு, நான் போட்டா கொரங்கு கம்பளி போத்துன மாதிரி இருக்கும்னு இவளே சொல்லுவா. எட்டு வயசுல இவன் எங்க வீட்டு முற்றத்துல ஈரிழைத் துண்டத் தாடியாக் கட்டிக்கிட்டு, என்னைய மாதிரியே கைய நீட்டிச் சொல்லிட்டுத் திரிவான். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனது நான், புழுதியில விழுந்தா தொடைச்சி விட்டது நான். “அத்தான், நான் பெருசானா ஏசாயா”ம்பான். சரிடே மாப்பிள்ள, நான் செத்த பொறவு நீதாம்பேன். நான் இன்னும் சாவலியே டைட்டசு. கல்லுக்குட்டி மாதிரி திடமா மேல உக்காந்திருக்கேனே. இன்னைக்கி உள்ள வேசம் மாத்தும்போது பாத்தேன், தாடிய ஒட்டுதான், பிய்க்கான், திரும்ப ஒட்டுதான். “அத்தான், பயமா இருக்கு”ங்கான். “வேட்டிய இறுக்கிக் கட்டிக்கோ, மிச்சத்த கர்த்தர் பாத்துக்கிடுவாரு”ன்னேன். எல்லாரும் சிரிச்சாவ, அவனுஞ் சிரிச்சான், சிரிச்சிட்டு, நான் இன்னும் ஏதாவது சொல்லுவேன்னு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான். நான் படியேறிட்டேன். இப்ப பேச ஆரம்பிச்சிட்டான். அட, இது என்னது. சத்தமே போடல. நான் தொண்டையப் பொளந்துக்கிட்டு, ஓட்டுல நிக்க புறா பறக்குத மாதிரி ஆரம்பிப்பேன். இவன் பக்கத்து வீட்டுல போயி எழவு சொல்லுத மாதிரி, இல்ல, நல்ல சேதி சொல்லுத மாதிரி, காதுக்குள்ள சொல்லுதான். இருட்டுல நடந்த சனம்ங்கான். இந்தக் கோயில் இருட்டு எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. வெளிச்சத்தக் கண்டாவங்கான். ஒரு இருமல் இல்ல. வந்துட்டு. அந்த அமைதி வந்துட்டு. எனக்குக் கடைசியிலதான வரும், இவனுக்கு ஆரம்பத்துலயே வந்துட்டே. எம்மே பியெட்டுக்கு எல்லாமே சீக்கிரமா வரும் போல. நெஞ்சுக்குள்ள யாரோ மொளகாயப் போட்டுத் தாளிக்க மாதிரி இருக்கு. நமக்கு ஒரு பிள்ளைங்கான். அந்த எடத்துல நானா இருந்தா கைய நீட்டுவேன். இவன் ரெண்டு கையையும் சேத்து, பிள்ளைய வாங்குத மாதிரி வச்சிக்கிட்டான். எவம்ல சொல்லிக் குடுத்தான் இத. எனக்கு ஏன் தோணல, இருவத்திரெண்டு வருசம், ஒரு வருசம் தோணிருக்கக் கூடாதா. சரி. தீந்துச்சி. இழுக்க மாட்டேன். கயித்த விட்டுட்டேன், கைய முழங்காலுக்கு அடியில வச்சிக்கிட்டேன். சொல்லிக்கிட்டு நில்லு டைட்டசு. அஞ்சு பேரையும் சொல்லு. சொல்லிட்டு நில்லு. ஒன் நட்சத்திரம் எம் மடியில கெடக்கு.

அதிசயம்ங்கான். ஆலோசனங்கான். வல்லமங்கும்போது ஒரு தல திரும்புச்சி. முன் பெஞ்சுல ஒரு வழுக்கத் தல, திரும்பி மூஞ்சியா ஆயிட்டு. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. நித்தியம்னு சொல்லி முடிக்கல, பெஞ்சு பெஞ்சா, வயக்காட்டுல காத்து அடிச்ச மாதிரி, தலையெல்லாம் மூஞ்சியா மாறுது. வாசல் வெளிச்சத்துல அம்புட்டு மூஞ்சியும் தெரியுது, அம்புட்டும் மேல பாக்கு. என்னையப் பாக்கு. ஆண்டவரே, என்னையத்தான் பாக்காவ. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு, சொல்லுதேன் ஒளிக்காம, அங்க ஒருத்தன் அப்பிடிப் பேசும்போது இவ்வளவு சனமும் திரும்பி மாசிலாமணிய நெனைச்சிட்டாவளேன்னு கையி தன்னால வேட்டிய இழுத்து விட்டுச்சி. லீதியாவும் பாக்கா. ஆனா அவ கண்ணு என் கண்ணுக்கு நேரா இல்ல. கொஞ்சம் கீழ நிக்கி. எல்லாவன் கண்ணும் கொஞ்சம் கீழ நிக்கி, எம் மடிக்குப் பக்கத்துல, பல்பு போடாத அந்த மஞ்சத் தாள்ல. ஓ. நட்சத்திரத்தையா. இன்னும் நகரவே இல்ல, அதுக்குள்ள திரும்பிட்டாவளா. சொல்லுதவன் அங்க நிக்கான், அவனுக்கு அத்தன பேரும் பின்னந்தலையும் பெடதியும் காட்டிக்கிட்டுல இருக்காவ. வருசா வருசம் பாத்த சனம், எந்தப் பேரு வந்தா எது வரும்னு தெரியும், பிள்ளையத் தூக்கித் தோள்ல வச்சிக்கிட்டு இந்தா வருது பாருன்னு காட்டுதாவ. வருசா வருசம். அப்ப, வருசா வருசமா? நான் சொல்லும்போதும்? எனக்கு எப்பிடித் தெரியும், நான் கண்ண மூடிக்கிட்டுல்லா சொல்லுவேன். மறந்துருமோன்னு பயம், நித்தியம் வரும்போதே கண்ண இறுக்கி மூடிருவேன், சமாதானத்தச் சொல்லி, கப்பிச் சத்தம் அடங்குன பொறவுதான் தொறப்பேன். தொறக்கும்போது நட்சத்திரம் எனக்குப் பின்னால குடிலுக்கு மேல வந்து நிக்கும், நானூறு மூஞ்சியும் நேரா என்னையப் பாத்துக்கிட்டு இருக்கும், ஒரு இருமல் இருக்காது. அந்த அமைதி. எனக்குன்னு நெனைச்ச அமைதி. இந்தத் தாளுக்கும் பல்புக்கும் விழுந்ததுதானா. சிரிப்பு வருது. தொண்டைக்குள்ளயே சிரிச்சிக்கிடுதேன், சிரிப்பா அது என்னன்னு தெரியல, நெஞ்சு குலுங்குது. எடே ஏசாயா, ஒன்னைய எவனும் பாக்கலடே, நீயும் நானும் இருவத்திரெண்டு வருசம் பெடதிக்குல சொல்லிருக்கோம். சமாதானம்னு சொல்லிட்டான் டைட்டசு. சொல்லிட்டு நிக்கான். நட்சத்திரம் நகரல. ஆசீரு கீழ நின்னு, “அண்ணாச்சி, ஏ அண்ணாச்சி”ன்னு பல்லக் கடிச்சிக்கிட்டுக் கூப்பிடுதான். பெஞ்சுல ஒரு கசமுச. நான் ஆசீரப் பாக்கல, டைட்டசப் பாக்கேன். கண்ண மூடிருக்கான். என்னையப் பாத்துப் படிச்சவன்லா, கண்ண இறுக்கி மூடி, கையில அந்த இல்லாத பிள்ளைய வச்சிக்கிட்டு நிக்கான். இந்த நிமிசம் கண்ணத் தொறந்தான்னா பெடதிதான் தெரியும் அவனுக்கு, நானூறு பெடதி. பாவிப்பய, அத மொத வருசத்துலயே பாத்துருவானே. நான் பாக்காம தப்பிச்சத. பல்பப் போட்டுட்டேன். கயிறு கையில எப்ப வந்துச்சின்னு தெரியல. இழுக்கேன். கப்பி கீச்சுங்கு, சனம் ஆன்னு ஒரு மூச்சு விடுது, மஞ்ச வெளிச்சம் மொதல்ல கடைசிப் பெஞ்சுப் பிள்ளைய மூஞ்சியில விழுது, அதுக்கடுத்த பெஞ்சு, அதுக்கடுத்தது. அது போவப் போவ மூஞ்சியெல்லாம் அதுகூடவே திரும்புது. பாதிப் பேரு திரும்பியாச்சி. இன்னும் லீதியா திரும்பல. உள்ளங்கை எரியுது, கயிறு தோல உரிக்கி, வேகமா இழுத்தா ஆடிரும், மெதுவாத்தான் போவும் சனியன். டைட்டசு, கண்ணத் தொறந்துராதல. இன்னும் ரெண்டு பெஞ்சு இருக்கு. அத்தான் இழுத்துக்கிட்டுதான் இருக்கேன், கொஞ்சம் பொறு மக்கா, எல்லாரும் திரும்பட்டும்.